பிள்ளையின் முதல் மான் வேட்டைக்கு உதை குறைந்த கேலிபர்: முழுமையான வழிகாட்டி

பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தக் கேலிபர் (குண்டின் அகலத்தை வைத்துச் சொல்லும் தோட்டா வகை) ரைஃபிள் வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஒரு எண்ணைத் தயாராக வைத்திருப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கேலிபர் ஐந்தாவது படி. அதற்கு முந்தைய நான்கையும் ஒழுங்காக முடித்துவிட்டால், மிச்சம் இருப்பது இரண்டு மூன்று கேலிபர்கள்தான்.

நான் எழுதுவது டெக்சஸின் ஹில் கன்ட்ரியை வைத்து. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் மேற்கே, ஓக் மரமும் சீடர் புதரும் நிறைந்த சுண்ணாம்புக்கல் மேடுகள். வெள்ளைவால் மான் இங்கே ஏராளம், உருவத்தில் சிறியது. வளர்ந்த பெண் மானே உயிரெடை 100 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். என் மகளுக்கும், பிறகு நண்பர்களின் பிள்ளைகள் சிலருக்கும் இந்த வரிசையில்தான் செய்தோம். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இது அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் குடும்பங்களுக்கானது.

1. முதலில் சட்டம், பாடம், பூட்டு

மானுக்கு எந்தத் தோட்டா செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் மானுக்கு ரிம்ஃபயர் தோட்டா (அடிப்பக்க விளிம்பில் அடித்தால் வெடிப்பது) கூடாது, அதாவது .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா கூடாது, சென்டர்ஃபயர் (அடிப்பக்க நடுவில் அடித்தால் வெடிப்பது) என்றால் .223 கூடச் செல்லும். கொலராடோவில் குறைந்தது .24 கேலிபர் வேண்டும். வர்ஜீனியாவில் .23. ஒஹையோவில் மான் பருவத்தில் ரைஃபிளுக்கு நேர்சுவர்த் தோட்டா (கூடு முனைப் பக்கம் குறுகாமல் நேராக இருப்பது) மட்டும்தான், அங்கே .243 வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும். டெக்சஸில் இருக்கும் மாமா வாங்கிய ரைஃபிளையே கொலராடோவில் இருக்கும் நீங்களும் வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து வேட்டைப் பாதுகாப்புப் பாடம். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது கட்டாயம். பிள்ளைக்கு 9 வயது ஆனால்தான் சான்றிதழ் கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் உரிமம் உள்ள பெரியவர் கூடவே இருக்க வேண்டும். ரைஃபிள் வாங்குவதற்கு முன்பே பாடத்தை முடித்துவிடுங்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் சொல்லாமலே கவனிக்கும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வரவில்லை என்றால் இந்த வருடம் ரைஃபிள் வேண்டாம். அடுத்த நவம்பர் வேட்டைப் பருவம் எங்கேயும் போய்விடாது.

மூன்றாவது, இரும்புப் பெட்டி. ரைஃபிள் ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் பெரியவரிடம். "இது உன் துப்பாக்கி" என்று பிள்ளையிடம் சொன்னாலும், நீங்கள் அருகில் இல்லாமல் அது அந்தக் கையில் ஒரு நொடியும் இருக்கக் கூடாது. பெட்டி வீட்டுக்கு வந்து தரையோடு திருகப்பட்ட பிறகுதான் ரைஃபிள் வர வேண்டும்.

2. தூரத்தை முடிவு செய்யுங்கள்

ஹில் கன்ட்ரியில் பிள்ளைகள் பெரும்பாலும் மரப்பலகைப் பரணில் உட்கார்ந்துதான் சுடுகிறார்கள். எதிரே மக்காச்சோளம் சிதறும் ஃபீடர், 75 முதல் 100 கெஜத்துக்குள். தனியார் பண்ணைகளில் இது சட்டப்படி சரி. சில இடங்களில் ஃபீடரை 60 கெஜத்துக்கே கொண்டு வருகிறார்கள், பிள்ளைக்கு அது இன்னும் நல்லது.

தூரத்தை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? மானுக்கு, குண்டு போய்ச் சேரும் இடத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. கறாரான விதி இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். 100 கெஜத்துக்குள் என்றால் உதை (சுடும்போது ரைஃபிள் தோளில் பின்னே இடிப்பது) குறைந்த பல தோட்டாக்கள் இந்தக் கணக்கில் தேறும். 250 கெஜம் என்று ஆசைப்பட்டால் அவை கழன்றுவிடும், உதை கூடிய தோட்டாக்கள் உள்ளே வரும். அந்தத் தூரத்தில் சுடும் திறமை முதல் வருடப் பிள்ளைக்கு இருக்கப்போவதும் இல்லை.

ஆகவே 100 கெஜம் என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு மேல் மான் நின்றால் பார்த்து ரசித்துவிட்டு வருவோம் என்று பிள்ளையோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

3. பிள்ளையை அளவெடுங்கள்

இரண்டு அளவு வேண்டும். முதலாவது எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பது. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கமாக இருப்பதும் உண்டு. அதை வாங்கிய பிறகு கண்டுபிடித்தால் செலவு இரட்டிப்பு.

இரண்டாவது கட்டையின் (ரைஃபிளின் பின்பகுதி, தோளில் வைப்பது) நீளம், அதாவது கட்டையின் பின்நுனியிலிருந்து விசை (விரலால் இழுத்துச் சுடும் கொக்கி) வரை. பெரியவர்களின் ரைஃபிளில் இது 13.5 அங்குலத்துக்குக் குறையாது. பத்து வயதுப் பிள்ளைக்கு 12 முதல் 12.5 போதும். முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின் நுனியை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு வசதியாக விசையைத் தொட வேண்டும். குளிர்ச் சட்டை போட்டபடி அளவெடுங்கள், நவம்பர் விடியற்காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் சுடுவார்கள்.

கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை தோளைப் பின்னுக்குச் சாய்த்து, கட்டையின் பின்நுனியைப் புஜத்தில் வைத்துக்கொள்ளும். உதை முழுவதும் புஜத்தில் இறங்கும். ".243கூட அடிக்குதுப்பா" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் முதலில் கட்டையைத்தான் பார்ப்பேன்.

சாவேஜ், ரூகர், மாஸ்பெர்க் மூன்று நிறுவனங்களிலும் பிள்ளைகளுக்கான குட்டைக் கட்டை மாடல்கள் உண்டு. இடையில் தட்டுகளைச் சொருகி நீளத்தைக் கூட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

4. எடையைத் தீர்மானியுங்கள், கனமான பக்கமாக

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். சின்னப் பிள்ளை, சின்னக் கை, அதனால் ஆக லேசான ரைஃபிள் என்று நினைக்கிறார்கள். கடையிலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

உதையின் கணக்கு எளிது. குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னே போகும் உந்தத்துக்கு (எடையும் வேகமும் சேர்ந்த அளவு) ஈடாக ரைஃபிள் பின்னே வருகிறது. அதே தோட்டாவை வைத்து ரைஃபிளின் எடையைப் பாதியாக்கினால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 6 பவுண்டு ரைஃபிளுக்கும் 8 பவுண்டு ரைஃபிளுக்கும் உள்ள வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு கேலிபரையே மாற்றியதற்குச் சமம்.

பரணில் உட்கார்ந்து சுடும் பிள்ளை ரைஃபிளைச் சுமப்பதில்லை. முக்காலியோ சன்னல் விளிம்பில் போட்ட மணல் பையோதான் எடையைத் தாங்குகிறது. பரணுக்குக் கொண்டுபோவது நீங்கள். எனவே 7.5 முதல் 8 பவுண்டு வரை தயங்காமல் போகலாம். குட்டைக் கட்டை ரைஃபிள் லேசாகவே கிடைத்தால், கட்டையின் உள்ளே இருக்கும் பொந்தில் எடை சேர்க்கலாம். நல்ல மெத்தென்ற ரப்பர் பட்டையும் போடுங்கள், குறைந்த செலவில் பெரிய ஆறுதல்.

5. இப்போது கேலிபர்

கீழே சொல்லும் உதை அளவுகள் 7 முதல் 8 பவுண்டு ரைஃபிளில் ஏறக்குறைய வரும் எண்கள். எடையும் தோட்டாவும் மாறினால் இவையும் நகரும். ஒப்பிட ஓர் அடையாளம்: பல அப்பாக்கள் வைத்திருக்கும் .308 சுமார் 16 அடி-பவுண்டு, .30-06 சுமார் 18 முதல் 20. என் அனுபவத்தில் புதுப் பிள்ளைக்கு 10ஐத் தாண்டக் கூடாது.

.243 வின்செஸ்டர்: 9 அடி-பவுண்டு அளவில் உதை. 100 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு 100 கெஜத்தில் 1,500 அடி-பவுண்டுக்கு மேல் வைத்திருக்கும். சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், பிள்ளை ரைஃபிள்கள் எல்லா நிறுவனத்திலும் இந்தக் கேலிபரில் வருகின்றன. பத்து வயதுக்கு மேற்பட்ட சராசரிப் பிள்ளைக்கு என் முதல் தேர்வு இதுதான்.

7 எம்எம்-08 ரெமிங்டன்: முழு பலத்தோட்டாவில் 12 முதல் 13 வரும், முதல் வருடத்துக்கு அதிகம். ஆனால் உதை குறைத்த தோட்டாக்கள் இதற்கு உண்டு. உதாரணமாக ஹார்னடி கஸ்டம் லைட் வகையில் 120 கிரெய்ன் குண்டு. அதைப் போட்டால் .243 அளவுக்கு இறங்கிவிடும். பிள்ளை வளர்ந்ததும் முழு பலத்தோட்டாவுக்கு மாறலாம், அதே ரைஃபிள் கல்லூரி வரை வரும். உங்கள் ஊர்க் கடையில் அந்த லைட் தோட்டா வருடம் முழுக்கக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பைச் சரிசெய்தே ஆக வேண்டும். 6.5 கிரீட்மூரும் ஏறத்தாழ இதே கதை.

6.5 கிரெண்டல்: எனக்கு மிகவும் பிடித்தது, பலர் கண்ணில் படாதது. 8 அளவில் உதை. 123 கிரெய்ன் குண்டு, 200 கெஜம் வரைகூட 1,000 அடி-பவுண்டுக்கு மேல். ஹோவா மினி ஆக்‌ஷன் ரைஃபிளில் கிடைக்கிறது. எட்டு ஒன்பது வயதில் உடம்பு சிறியதாக இருக்கும் பிள்ளைக்கு .243ஐ விட இதைத்தான் சொல்வேன். குறை ஒன்றுதான்: தோட்டாவைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று பெட்டி ஒன்றாக வாங்கி வையுங்கள்.

300 பிளாக்அவுட்: உதை மிகக் குறைவு. ஒலியை மிஞ்சும் வேகமுள்ள 110 அல்லது 125 கிரெய்ன் தோட்டாவோடு 100 கெஜத்துக்குள் சரி. ஒலிக்குக் கீழான மெதுவான தோட்டாக்கள் மானுக்கு வேண்டாம், அவற்றின் ஆற்றல் 1,000ஐ நெருங்குவதே இல்லை. இன்னொன்று உயிர்ப் பிரச்சினை. இந்தத் தோட்டாவின் பித்தளைக் கூடு .223 கூட்டைக் குறுக்கிச் செய்தது. தவறி .223 ரைஃபிளில் போட்டால் சில சமயம் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சுட்டால், அகலமான குண்டு குறுகிய குழலில் நுழைய முடியாமல் ரைஃபிளே வெடிக்கும். வீட்டில் .223 இருந்தால் இந்தக் கேலிபரை வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

.350 லெஜெண்ட்: 2019இல் வின்செஸ்டர் கொண்டுவந்த நேர்சுவர்த் தோட்டா. ஒஹையோ போன்ற மாநிலங்களில் இருக்கும் பெற்றோருக்கு இதுவே விடை. டெக்சஸில் இதற்குத் தனித் தேவை இல்லை.

.223 ரெமிங்டன்: உதை 3 அல்லது 4தான், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சுடுவார்கள். டெக்சஸில் சட்டப்படி செல்லும். 60 கிரெய்னுக்கு மேற்பட்ட, மானுக்கென்று செய்த உறுதியான குண்டோடு 75 கெஜத்துக்குள் வேலையும் செய்யும். ஆனால் சற்றே தவறி விழுந்த குண்டை மன்னிக்கும் இடம் இதில் குறைவு. பிள்ளைகளின் குண்டு சற்றே தவறித்தான் விழும். வேறு வழியே இல்லை, அல்லது பிள்ளை உண்மையிலேயே மிகச் சிறியது என்றால் மட்டும்.

ஷாட்கன் ஸ்லக் (ஷாட்கன்னில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு) பற்றிக் கேட்பார்கள். வேண்டாம். 12 கேஜ் ஸ்லக்கின் உதை .30-06ஐயே தாண்டும்.

6. குண்டு: கேலிபரை விட இதில் கவனம் வையுங்கள்

தோட்டா என்பது முழுப் பொருள். குண்டு அதன் முனையில் பறந்து போகும் பகுதி. ஒரே .243 பெட்டியின் மேல் 58 கிரெய்ன் என்றும் இருக்கும், 100 கிரெய்ன் என்றும் இருக்கும். 55 முதல் 75 கிரெய்ன் வரையிலான பல குண்டுகள் நரி, ப்ரெய்ரி நாய் போன்ற சிறு பிராணிகளுக்குச் செய்தவை. தோலைத் தொட்டதும் சிதறிவிடும். மானின் தோள் எலும்பில் பட்டால் மேலோட்டமான பெரிய புண்ணை உண்டாக்கும். மான் ஓடி, எங்கோ வேதனையோடு சாகும்.

மானுக்கு உள்ளே போய் ஒரே சீராக விரியும் குண்டு வேண்டும். .243இல் 95 அல்லது 100 கிரெய்ன் நாஸ்லர் பார்டிஷன், ஃபெடரல் ஃப்யூஷன், அல்லது 80 கிரெய்ன் பார்ன்ஸ் முழுச் செம்புக் குண்டு, எதுவானாலும் சரி. சிறிய கேலிபரில் குண்டின் தரம்தான் பிள்ளைக்கு நீங்கள் தரும் காப்பீடு.

7. ஸ்கோப், சத்தம்

ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 3.5 அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். பிள்ளைகள் கழுத்தை முன்னே நீட்டிப் பார்ப்பார்கள். இடைவெளி குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ஒரு தடவை இரத்தம் பார்த்த பிள்ளையை மறுபடி ரைஃபிள் முன் உட்கார வைப்பது பெரும்பாடு. உங்கள் தலையை வைத்து ஸ்கோப்பைப் பொருத்தாதீர்கள். பிள்ளையை உட்கார வைத்து அதன் கண்ணுக்கு நகர்த்திப் பொருத்துங்கள். உருப்பெருக்கம் 3 அல்லது 4இல் நிற்கட்டும். 9இல் வைத்தால் மானைத் தேடியே நேரம் போகும்.

பிள்ளைகள் "உதைக்கிறது" என்று சொல்வதில் பாதி சத்தம்தான். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காது மூடி, இரண்டும் வேண்டும். மசில் பிரேக் என்ற துளையிட்ட குழல்முனை உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பின்னால், பிள்ளையின் முகத்துக்கே திருப்பும். பரணின் பெட்டி போன்ற அறைக்குள் அது தாங்காது. சப்ரஸர் (குழல்முனையில் மாட்டும் ஒலியடக்கி) உதை, சத்தம் இரண்டையும் குறைக்கும். டெக்சஸில் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், மத்திய அரசின் ஒப்புதல் பெற்று. முடிந்தவர்களுக்கு அது மிக நல்ல முதலீடு.

8. பயிற்சியின் வரிசை

முதலில் .22 எல்ஆர் ரைஃபிள், அதே கட்டை நீளத்தில். வாரம் ஒரு நாள், மூன்று மாதம். இதில் உதையே இல்லை, சத்தமும் குறைவு. மூச்சை விட்டு நிறுத்தி, விசையை மெல்லப் பின்னே அழுத்தும் பழக்கம் இதில்தான் வர வேண்டும்.

இரண்டாவது, வேட்டை ரைஃபிளில் தோட்டா இல்லாமல் விசை இழுப்பது, டம்மி தோட்டா (வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா) போட்டு. உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

மூன்றாவதுதான் உண்மைத் தோட்டா. ஸ்கோப்பைச் சரிசெய்யும் வேலையை நீங்கள் முடித்துவிடுங்கள், அதில் போகும் இருபது தோட்டா பிள்ளையின் தோளில் விழ வேண்டாம். பிள்ளைக்கு ஒரு நாளில் ஐந்து, அதற்கு மேல் இல்லை. ஆசைப்பட்டுக் கேட்டாலும் ஐந்து. வலி தோளில் தெரிவதற்கு முன்பே பயம் கண்ணில் வந்துவிடும்.

அந்தப் பயத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, பிள்ளைக்குச் சொல்லாமல் ஒரு டம்மியைப் போடுங்கள். என் மகள் முதல் இரண்டு குண்டையும் அழகாகக் காகிதத்தின் நடுவில் வைத்தாள். எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது டம்மி. விசை "டிக்" என்றது, அவ்வளவுதான். ஆனால் அவளுடைய இரண்டு கண்ணும் இறுக்க மூடியிருந்தன, இடது தோள் முன்னே துள்ளியது, குழலின் நுனி இரண்டு அங்குலம் கீழே போய் நின்றது. "வெடிக்கலையே?" என்று திரும்பிப் பார்த்தாள். பேசாமல் ரைஃபிளை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, .22ஐ எடுத்துக் கொடுத்தேன். இன்னும் மூன்று வாரம் அதிலேயே ஓடியது. அப்புறம் டம்மி போட்டபோது குழல் அசையவில்லை.

தாளில் குண்டு எங்கே விழுகிறது என்பதை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. மிரட்சி ஒட்டிக்கொண்ட பிள்ளைதான் மானை வயிற்றில் சுட்டுக் காயப்படுத்துகிறது.

எப்போது தயார்? 100 கெஜத்தில், பரணில் பயன்படுத்தப்போகும் அதே முக்காலியில் வைத்து, மூன்று வெவ்வேறு நாளில், நாளின் முதல் குண்டை ஒரு சாப்பாட்டுத் தட்டின் நடுப்பகுதிக்குள் வைக்க வேண்டும். முதல் குண்டை மட்டுமே கணக்கில் எடுங்கள், வேட்டையில் கிடைப்பது அது ஒன்றுதான்.

9. பரணில்

தோட்டாவை நீங்கள் போடுங்கள், மான் வந்து, பின்னால் பாதுகாப்பான மண்மேடு இருக்கிறது என்று உறுதியான பிறகு. குழல் நுனி சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். உள்ளே இருந்தால் சத்தம் பரணுக்குள்ளேயே அடிக்கும். காது மூடியை மான் வரும் முன்பே போட்டுவிடுங்கள், பரபரப்பில் மறந்துபோகும்.

மான் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்காலின் பின்கோட்டில் மேலே போய், மார்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. இதை வீட்டில் படத்தில் காட்டிப் பழக்கியிருக்க வேண்டும். நேராக நம்மைப் பார்த்து நிற்கும் மானைச் சின்னக் கேலிபரில் சுட வேண்டாம். பிள்ளை கை நடுங்கினால், "வேண்டாம்பா" என்றால், விட்டுவிடுங்கள். கெஞ்சவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம்.

பண்ணை வைத்திருப்பவர் யாரையும் தெரியாத குடும்பங்கள் டெக்சஸ் யூத் ஹன்டிங் ப்ரோக்ராமைப் பாருங்கள். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவரோடு, அனுபவமுள்ள வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு மட்டுமான வார இறுதிப் பருவமும் உண்டு. பொதுப் பருவத்துக்கு முன்பே வருவதால் மான்கள் மிரளாமல் இருக்கும்.

10. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மறுபடி அளவெடுங்கள்

பிள்ளை ஒரே வருடத்தில் இரண்டு அங்குலம் வளரும். போன வருடம் பொருந்திய கட்டை இந்த வருடம் குட்டையாகி, கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். தட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்கோப்பைப் பின்னே நகர்த்துங்கள், ரேஞ்சில் மறுபடி சுட்டுச் சரிபாருங்கள். அந்த வருடத்தின் முதல் பயிற்சியும் .22இல் தொடங்கட்டும், நடுவே சொல்லாமல் ஒரு டம்மியோடு.